ஒரு சாலிடர் இணைப்பு

அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகளைச் சமன்பாட்டில் முன்கூட்டியே கணித்தவர்களுக்கு 2013 நோபல் கிடைத்தது, சரி. எனக்கு என்னவோ 2008 செப்டம்பர் 19தான் நினைவுக்கு வரும். ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்துச் சுரங்கத்தில், பின்னால் அந்தத் துகளைக் கண்டுபிடித்த துகள்மோதல் இயந்திரத்தின் காந்தங்களுக்கு நடுவே ஒரே ஒரு சாலிடர் இணைப்பு சரியில்லாமல் சூடேறி, மின்பொறி வெடித்து, காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் டன் கணக்கில் பீய்ச்சியடித்து, 30 டன்னுக்கு மேல் எடையுள்ள காந்தங்களையே இடம்பெயர்த்துவிட்டது. அங்கே சமன்பாடு என்ன செய்யும்? 53 காந்தங்களை மேலே ஏற்றி, சரிசெய்தோ மாற்றுக் காந்தம் வைத்தோ திரும்ப இறக்கி, மறுபடி −271 டிகிரிக்குக் குளிர்வித்தது டெக்னீஷியன்களும் இன்ஜினியர்களும்தான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அப்புறம் 2013-14இல் 10,000க்கும் அதிகமான இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மோசமானதைப் பிரித்து மறுபடி சாலிடர் வைத்து, பாதுகாப்புக்குக் கூடவே செம்புத் தகடும் பற்றவைத்தார்கள். எங்கள் வீட்டு ரேடியோவில் ஒரு வயரை ஒட்டவே எனக்கு மூன்று தடவை ஆனது.