கத்தரிக்கோலைத் தொடவே இல்லையே!

மூணு வாரமா ஒரே ஒரு புரோட்டீனைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்கேன். மனித அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ்ங்கிற என்சைம், அதுக்குள்ள அல்சைமர் மருந்து டோனெபெசில் மாட்டிக்கிட்டு நிக்கிற கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர், அதாவது அணுவெல்லாம் எங்கெங்க இருக்குன்னு காட்டுற படம். புரோட்டீன் டேட்டா பேங்க்ல 4இஒய்7னு தேடினா வரும், 2012ல வந்தது, ரெசல்யூஷன் 2.35 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா மில்லிமீட்டர்ல கோடியில ஒரு பங்கு). அந்த ஃபைல்ல நான் அடிச்ச கூத்தை எழுதி வச்சுட்டா மனசு ஆறும்னு தோணுச்சு.

முதல்ல என்சைம் என்ன பண்ணுதுன்னு சொல்லிடறேன். ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்கு சேதி சொல்ல அசிட்டைல்கோலினை வெளிய விடும், சேதி போய்ச் சேந்த உடனே அதை வெட்டிப் போட்டாகணும், இல்லேன்னா ஒரு சேதியே நிக்காம அடிச்சுக்கிட்டே இருக்கும். வெட்டுறது இந்த என்சைம்தான், ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்குல வெட்டும், அவ்வளவு வேகம். அல்சைமர் வந்தவங்களுக்கு அசிட்டைல்கோலின் தயாரிக்கிற செல்கள் குறைஞ்சுக்கிட்டே போகும், அதனால இருக்கிற கொஞ்சத்தையாவது வெட்டாம விட்டுவைப்போம்ங்கிறதுதான் டோனெபெசிலோட கணக்கு. நோய் குணமாகாது, ஞாபகம் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்ப என் கூத்து. ஸ்ட்ரக்சர்ல இருந்து மருந்தை வெளிய எடுத்துட்டு, தண்ணி மாலிக்யூல் அத்தனையையும் அழிச்சுட்டு (எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க, நானும் யோசிக்காம செஞ்சேன்), டாக்கிங் சாஃப்ட்வேர்ல (மருந்து புரோட்டீனுக்குள்ள எப்படி உக்காரும்னு கணக்குப் போட்டுச் சொல்றது) மருந்தைத் திரும்ப உள்ள விட்டேன். நாலஞ்சு போஸ், அதாவது மருந்து உக்காரக்கூடிய நிலை, வந்துச்சு. முதல் ரெண்டுக்கும் ஸ்கோர்ல பெருசா வித்தியாசமே இல்ல, ஆனா ஒண்ணுல மருந்தோட கார்போனைல் ஆக்சிஜன் அடியில இருக்கிற சீரின் 203 (புரோட்டீன் சங்கிலியில 203வது அமினோ அமிலம்) கிட்ட போய் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அதைப் பாத்ததும் எனக்கு ஒரே குஷி, ஏன்னா வெட்டுற வேலையே அந்த சீரின்தான் செய்யுது, பக்கத்துல ஹிஸ்டிடின் 447, குளூட்டமேட் 334 துணைக்கு, மருந்து போய் கத்தரிக்கோல் வாயிலயே சிக்கிக்கிச்சுன்னு நானே ஒரு கதை கட்டி, அந்த போஸையே படம் எடுத்து, ஸ்லைடுலயும் போட்டுட்டேன். அப்புறம்தான் ஒரிஜினல் கிரிஸ்டலை மேல வச்சுப் பாக்கறேன், என்னோடது தலைகீழா நிக்குது.

இந்த என்சைமோட வடிவம் தெரிஞ்சாதான் ஏன்னு புரியும். வெட்டுற இடம் வெளிய தெரியுற மாதிரி இல்ல, ஒரு குறுகலான கிணத்துக்கு அடியில இருக்கு, ஆழம் சுமார் 20 ஆங்ஸ்ட்ராம். இதை முதல்ல பாத்தது 1991ல, வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்ல ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் குழு. அதுவும் மனுஷ என்சைம் கிடையாது, மின்சாரம் பாய்ச்சுற திருக்கை மீனோட என்சைம், ஏன்னா அந்த மீனோட மின் உறுப்புல இது கொட்டிக் கிடக்கும். அசிட்டைல்கோலினுக்கு ஒரு பாசிட்டிவ் சார்ஜ் இருக்கு, அதனால அதைப் பிடிச்சு வைக்க அடியில நெகட்டிவ் சார்ஜா நிறைய இருக்கும்னுதான் ரொம்ப வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. உள்ள பாத்தா கிணத்துச் சுவர்ல நிறைய அரோமேட்டிக் வளையம், அப்படி வளையம் உள்ள அமினோ அமிலம் 14, அடியில பாசிட்டிவ் சார்ஜைத் தாங்கிப் பிடிக்கிறது அதுல ஒண்ணான டிரிப்டோஃபான். அந்தத் தட்டையான வளையத்தோட எலக்ட்ரான் மேகத்து மேல பாசிட்டிவ் சார்ஜ் போய் உக்காந்துக்குது.

டோனெபெசில் ஒரு நீட்டு மாலிக்யூல், இந்தக் கிணத்துல அடியில இருந்து வாய் வரைக்கும் நிக்குது. அதோட பென்சைல் வளையம் அடியில டிரிப்டோஃபான் 86 மேல சீட்டு மேல சீட்டு வச்ச மாதிரி படிஞ்சிருக்கு, இன்னொரு முனையில இருக்கிற இன்டனோன்ங்கிற துண்டு வாய்ப்பக்கம் டிரிப்டோஃபான் 286 மேல படிஞ்சிருக்கு, நடுவுல பைப்பெரிடின் நைட்ரஜன் பாசிட்டிவ் சார்ஜோட. (திருக்கை மீன்ல இதே ரெண்டும் 84, 279. சீரின் 203 அங்க 200. பழைய பேப்பரையும் புது ஃபைலையும் பக்கத்துல வச்சுப் படிச்சு இந்த நம்பர்லயே எனக்கு அரை நாள் போச்சு.)

திருக்கை மீன் என்சைமோட டோனெபெசில் ஸ்ட்ரக்சர் 1999ல வந்துச்சு, அதுலயே தெளிவா சொல்லிட்டாங்க, மருந்து சீரினையோ அதோட கூட்டாளிகளையோ நேரடியா தொடல, நடுவுல தண்ணி மாலிக்யூல்தான் தூது. நான் அழிச்சேனே, அந்தத் தண்ணி. தண்ணியைத் தூக்கினதும் அங்க ஒரு காலி இடம் வந்துடுது, சாஃப்ட்வேர் காலி இடம் பாத்தா விடுமா, மருந்தைத் திருப்பிப் போட்டு அதுல அடைச்சிடுச்சு. சாஃப்ட்வேரைச் சொல்லிக் குத்தமில்ல, சரியான போஸும் அந்த லிஸ்ட்லயே ரெண்டாவதா இருந்துச்சு. நான்தான் கதைக்கு ஏத்ததை எடுத்தேன்.

கத்தரிக்கோலைப் பிடிச்சு நிறுத்துற மருந்தும் இருக்கு. ரிவாஸ்டிக்மின் சீரின் மேலயே ஒரு கார்பமேட் துண்டை ஒட்ட வச்சிடும், அது கழண்டு வர நேரம் ஆகும். சாரின் மாதிரி நரம்பு விஷமும் அந்த சீரினைத்தான் பிடிக்கும், அது லேசுல விடாது. டோனெபெசில் அந்தப் பக்கமே போகாம, வழியில நின்னுக்கிட்டு யாரையும் உள்ள விடாம பாத்துக்குது. அதுக்கு வாய்ப்பக்கம் இருக்கிற டிரிப்டோஃபான் எவ்வளவு முக்கியம்னா, ரத்தத்துல இருக்கிற ஒண்ணுவிட்ட அண்ணன் பியூட்டைரைல்கோலின் எஸ்டரேஸ்ல அந்த இடத்துல வெறும் அலனின்தான், கிணறும் அகலம், அங்க டோனெபெசில் சரியா பிடிக்கறதில்ல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், இதையெல்லாம் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே ஜப்பான்ல எய்சாய் கம்பெனி இந்த மாலிக்யூலைச் செஞ்சு முடிச்சுட்டாங்க. 1996லயே அமெரிக்காவுல அனுமதி வாங்கியாச்சு. ஒவ்வொரு துண்டா மாத்தி மாத்தி டெஸ்ட் பண்ணிப் பண்ணியே, பாக்காத கிணத்தோட ஆழத்துக்கு அளவு எடுத்திருக்காங்க.

கிரிஸ்டல் சொல்லாததும் ஒண்ணு இருக்கு. கிணத்துல நடுவுல ஒரு இடுக்கு, அசிட்டைல்கோலினே அதுல நேரா போக முடியாத அளவுக்கு நெருக்கம், அப்ப புரோட்டீன் அசைஞ்சு அசைஞ்சு வழி விட்டாகணும். நம்ம கையில இருக்கிறது உறைய வச்ச ஒரு படம், அசைவு அதுல தெரியாது. ஹைட்ரஜன் கூட இந்த ரெசல்யூஷன்ல தெரியாது, நாமளாதான் போட்டுக்கணும்.

நேத்து அடியில இருக்கிற தண்ணியை ஒவ்வொண்ணா எலக்ட்ரான் டென்சிட்டி மேப்ல (எலக்ட்ரான் எங்க அடர்த்தியா இருக்குன்னு நீல வலையா காட்டுறது) வச்சுப் பாத்து, அந்த வலைக்குள்ள ஒழுங்கா உருண்டையா தெரியறதை மட்டும் விட்டுவச்சு, டாக்கிங்கைத் திரும்ப ஓட விட்டேன். முதல் போஸே கிரிஸ்டல் மேல கிட்டத்தட்ட அப்படியே உக்காந்துச்சு, பென்சைல் கீழ, இன்டனோன் மேல. பழைய ஸ்லைடை இன்னும் மாத்தல.