மேய்ச்சல் நிலச் சங்கத்தில் எனது முதல் ஓராண்டு

எங்கள் வட்டார மேய்ச்சல் நில மேலாண்மைச் சங்கத்தில் நான் உறுப்பினராகச் சேர்ந்து ஓராண்டு நிறைவடைந்துவிட்டது. நான் ஆடு மாடு வளர்ப்பவன் அல்லன். மேசையில் அமர்ந்து வேலை பார்ப்பவன். விடுமுறை நாள்களில் புல்வெளிகளில் நடக்கும் பழக்கம்தான் என்னை அங்கே கொண்டு சேர்த்தது. மேய்ப்பர்கள், நில உடைமையாளர்கள், ஓய்வு பெற்ற வனத்துறையினர், மண்ணியல் படிக்கும் மாணவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். ஆண்டின் முதல் கூட்டத்தில் வேலைகளைப் பங்கிட்டபோது, பொது மேய்ச்சல் நிலத்தில் நிலையான மூன்று அளவைக் கோடுகளை அமைத்து, மழைக்கு முன்பு ஒரு முறை, மழை ஓய்ந்து புல் முற்றியதும் ஒரு முறை, மீண்டும் அடுத்த கோடையில் ஒரு முறை எனக் கோட்டை ஒட்டிய புல்லையும் தரையையும் அளந்து பதிவு செய்யும் பொறுப்பு எனக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தது. அந்த மூன்று கோடுகளில் நாங்கள் செய்ததையும் தவறவிட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் இரண்டு மாதங்கள் புல்லை அடையாளம் காணக் கற்பதிலேயே கழிந்தன. கதிர் விட்ட புல்லை யாரும் சொல்லிவிடலாம். மேய்ந்து கட்டையாகிப்போன புல்லைப் பெயர் சொல்லி அழைப்பதுதான் கடினம். தண்டை இரு விரல்களுக்கு இடையே உருட்டினால் மூன்று முனைகள் தட்டுப்படுவது பெரும்பாலும் கோரை. உருண்டு ஓடுவது, கணு இருப்பது புல். அதற்கு மேல் பிரித்தறிய, இலையும் தண்டைச் சுற்றிய உறையும் சேரும் மூட்டை மெல்ல விலக்கி உருப்பெருக்கி வழியாகப் பார்க்க வேண்டும். சில புற்களில் அங்கே வெண்ணிறச் சவ்வு ஒன்று நாக்குபோல நிற்கும்; அருகம்புல்லில் சவ்வுக்குப் பதிலாக மயிர் வரிசைதான் தெரியும். ஊசிப்புல்லின் விதையை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தது எனக்கு மறக்க முடியாத அனுபவம். விதையின் நீண்ட வாலில் இருந்த முறுக்கு ஈரம் பட்டதும் அவிழத் தொடங்கி, விதை உயிருள்ளதுபோல் மெதுவாகச் சுழன்றது. காய்ந்தும் நனைந்தும் மாறி மாறிச் சுழல்வதால்தான் அது மண்ணுக்குள் தன்னைத் தானே துளைத்துக்கொண்டு இறங்குகிறது. அதே கூர்முனை ஆட்டின் தோலுக்குள்ளும் இறங்கும் என்பதால், அது கதிர் விடுவதற்கு முன்பே மேய்த்து முடித்துவிட வேண்டும் என்று மேய்ப்பர்கள் வற்புறுத்துகிறார்கள்.

புகைப்படப் பதிவில்தான் என் முதல் பெரிய தவறு நேர்ந்தது. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் நின்று படம் எடுத்தேன். ஆனால் நின்ற இடத்தில் முளை அடிக்கவில்லை. ஒற்றை மரத்தையும் பின்னால் தெரிந்த குன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்று எண்ணியிருந்தேன். மூன்று வாரம் கழித்து அதே படத்தை எடுக்கப் போனபோது, நான்கு எட்டு முன்னால் நின்றால் மரம் பொருந்தியது, பின்னால் வந்தால் குன்று பொருந்தியது. இரண்டும் சேர்ந்து எங்கும் பொருந்தவில்லை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் புல் கூடியதா, நான் நகர்ந்தேனா என்று சொல்ல முடியாத நிலை. அதன் பிறகு இரும்புக் கம்பியை முளையாக அடித்து, பத்து மீட்டர் தள்ளி இன்னொரு முளையையும் அடித்து, கேமராவை எப்போதும் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்து, இரண்டாவது முளை படத்தின் நடுவில் விழும்படி எடுக்கத் தொடங்கினோம். காலை ஒன்பது மணி என்று நேரத்தையும் நிலைப்படுத்தினோம், ஏனெனில் நிழல் நீளும்போது வெற்றுத் தரைகூடப் புல்போல் தெரிகிறது.

நிலம் மூடியிருக்கும் அளவைக் கணிக்க, அமெரிக்கச் சூழலியலாளர் ரெக்ஸ்ஃபோர்ட் டாபன்மையர் 1959-இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றினோம். 20 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் அளவில் கம்பியை வளைத்து ஒரு சட்டம் செய்துகொள்ள வேண்டும். அதைத் தரையில் வைத்து, அதற்குள் ஒவ்வொரு செடியும் எத்தனை விழுக்காடு இடத்தை மூடுகிறது என்பதை ஆறு வகுப்புகளுள் ஒன்றில் இட வேண்டும்: 5 வரை, 25 வரை, 50 வரை, 75 வரை, 95 வரை, அதற்கு மேல். துல்லியமான எண்ணைக் கேட்காமல் வகுப்பை மட்டும் கேட்பதால், இருவர் பார்த்தாலும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே வர வேண்டும். எங்களுக்கு முதல் நாள் அப்படி வரவில்லை. பசுமையைக் கண்டவுடன் நான் ஒரு வகுப்பு கூட்டிப் போடுகிறேன் என்பதும், சருகை நான் வெற்றுத் தரையில் சேர்த்துவிடுகிறேன் என்பதும் பத்துச் சட்டங்களுக்குள்ளேயே புலப்பட்டுவிட்டன. சட்டத்தின் ஓரங்களில் கால் பங்கு, அரைப் பங்கு என்று வண்ணம் பூசி, மூவரும் ஒரே சட்டத்தைத் தனித்தனியே கணித்து, பிறகு ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய பின்புதான் பதிவேட்டைத் திறந்தோம். ஒரு கோட்டுக்கு நாற்பது சட்டங்கள் என்பதால், மூன்று கோடுகளுக்கு முழுதாக இரண்டு நாள் பிடித்தது.

அந்த இரண்டாம் நாளில் எங்களுடன் வந்திருந்த மூத்த மேய்ப்பர் ஒருவர், நான் நல்ல பச்சை என்று குறித்துக்கொண்டிருந்த ஒரு புல் தூரின் அருகே குந்தி அமர்ந்து, அதன் அடியை இரு விரல்களால் பிடித்து அசைத்துக் காட்டினார். "தூர் ஆடுது பாருங்க தம்பி. இது அடுத்த மழைக்கு நிக்காது" என்றார். அப்போதுதான் கவனித்தேன்: தூரைச் சுற்றியிருந்த மண் அரித்துப்போய், புல் ஒரு சிறு மேடையின் மேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது, வேர்கள் ஒரு விரல்கடை அளவுக்கு வெளியே தெரிந்தன. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அன்றே ஒரு கட்டத்தைச் சேர்த்து, சட்டத்துக்குள் எத்தனை தூர்கள் மேடையிட்டு நிற்கின்றன என்று எண்ணத் தொடங்கினோம். இந்த ஆண்டின் பதிவுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்தக் கட்டம்தான்.

மழை முடிந்து புல் முற்றிய பின் அறுத்து எடை பார்த்தோம். கால் சதுர மீட்டர் சட்டத்துக்குள் இருக்கும் புல்லைத் தரையோடு கத்தரித்து, உலர்த்தி, நிறுக்க வேண்டும். ஒரு கிராமுக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ என்பது கணக்கு. முதல் தொகுதியை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, நான்கு நாள் கழித்துத் திறந்தபோது முழுவதும் பூஞ்சை பிடித்திருந்தது. அது முழுக்க என் கவனக்குறைவு. அருகிலேயே மீண்டும் அறுக்க வேண்டியதாயிற்று. காகிதப் பையில் போட்டு, எடை குறையாமல் நிலைக்கும் வரை உலர்த்திய இரண்டாம் தொகுதியில் சராசரி 28 கிராம் வந்தது, அதாவது ஹெக்டேருக்கு 1120 கிலோ உலர்புல்.

அதை அப்படியே தீவனமாக எண்ணிவிடக் கூடாது. புல்லில் பாதி மேயப்படாமல் நிலத்திலேயே நிற்க வேண்டும். மீதிப் பாதியில் ஏறத்தாழ சரிபாதி மிதிபட்டும் சாணம் பட்டும் பூச்சி தின்றும் கழியும். கால் பங்கு, அதாவது 280 கிலோ, கால்நடையின் வாய்க்குப் போகும் என்பது பரவலாகக் கையாளப்படும் கணிப்பு. 450 கிலோ எடையுள்ள மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கிலோ உலர்தீவனம் உண்பதால், ஒரு ஹெக்டேர் ஒரு மாட்டுக்கு 23 நாள் தாங்கும். ஐந்து ஆடுகளை ஒரு மாட்டுக்குச் சமமாகக் கொள்வது வழக்கம். பாதியை ஏன் விட வேண்டும் என்பதற்கு, அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க்ளின் கிரைடர் 1955-இல் வெளியிட்ட ஆய்வைக் கூட்டத்தில் விளக்கினார்கள். இலையில் பாதியை வெட்டியபோது வேர் வளர்ச்சி ஏறக்குறைய தடையின்றித் தொடர்ந்தது. 80 விழுக்காட்டை வெட்டியபோது எல்லா வேர்களும் வளர்வதை நிறுத்திவிட்டன. மேடையிட்டு ஆடிய அந்தத் தூரை நான் கையால் தொட்டிருந்ததால், இந்த எண்கள் எனக்கு உடனே விளங்கின.

நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து மாறி மாறி மேய்க்கும் சுழற்சி மேய்ச்சலைப் பற்றிய விவாதம் ஒரு முழு மாலையை எடுத்துக்கொண்டது. ஜிம்பாப்வே சூழலியலாளர் ஆலன் சேவரி முன்வைத்த, கால்நடையை நெருக்கமாகத் திரட்டி விரைவாக நகர்த்தும் முறையில் நம்பிக்கை கொண்டவர்கள் சங்கத்தில் பலர் உண்டு. அமெரிக்க மேய்ச்சல் நில ஆய்வாளர் டேவிட் பிரிஸ்க்கும் குழுவினரும் 2008-இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, சுழற்சி மேய்ச்சல் தொடர் மேய்ச்சலைவிட மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியதை மற்றவர்கள் எடுத்துக்காட்டினார்கள். எத்தனை தலைகளை விடுகிறோம் என்பதும், மழை பொய்த்த ஆண்டில் எவ்வளவு விரைவாகக் குறைக்கிறோம் என்பதும் எந்தச் சுழற்சி அட்டவணையையும் விட முக்கியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நிலத்தைத் தினமும் நடந்து பார்ப்பவர்களுக்கு அட்டவணை ஒரு நல்ல கருவி என்பதையும் மறுக்கமாட்டேன்.

முள்மரங்களை அகற்றும் பணியில் இரண்டு நாள் கலந்துகொண்டேன். தரைமட்டத்தில் வெட்டிய அடிக்கட்டைகள் எல்லாம் இரண்டே மாதத்தில் புதர்களாகிவிட்டதால், அடுத்த முறை தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க முடிவு செய்திருக்கிறோம். ஐக்கிய நாடுகள் அவை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகத்தாருக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்ததையொட்டி, பள்ளி மாணவர்களை ஒரு நாள் அழைத்து வந்தோம். அவர்களுக்காகச் செய்து காட்டிய நீர்ச் சோதனை எனக்கே பாடமாகிவிட்டது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தைத் தரையில் பதித்து, சுமார் 440 மில்லி லிட்டர் நீரை ஊற்றினால், அது 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். புல் தூரின் அடியில் ஊற்றிய நீர், மாணவி ஒருத்தி நூறு எண்ணுவதற்குள் மறைந்துவிட்டது. மூன்று எட்டு தள்ளி, மேலோடு இறுகிய வெற்றுத் தரையில் ஊற்றியது, உணவு இடைவேளை முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோதும் வளையத்துக்குள் மின்னிக்கொண்டிருந்தது.

இந்தக் கோடையின் அளவீட்டைச் சென்ற கோடையோடு ஒப்பிட்டோம். முதல் கோட்டிலும் மூன்றாம் கோட்டிலும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஓராண்டில் அதை எதிர்பார்ப்பதும் சரியல்ல. தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்கும் இரண்டாம் கோட்டில், தொட்டியை ஒட்டிய சட்டங்களில் வெற்றுத் தரை ஒரு வகுப்பு கூடியிருக்கிறது. மேடையிட்ட தூர்களும் அங்கேதான் அதிகம். நீர்நிலையைச் சுற்றிக் குளம்படித் தடங்களும் சாணமும் வளையமாக அடர்ந்து, தூரம் கூடக் கூடத் தணிவதை ஆஸ்திரேலியாவில் லாங்கே என்பவர் 1969-இலேயே விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். எங்கள் கோடும் அதையே காட்டுகிறது. கால்நடைகள் நக்குவதற்காகத் தொட்டியருகே வைத்திருந்த உப்புக் கட்டிகளை, கால்நடைகள் அதிகம் போகாத தொலைவான சரிவுக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்தோம், சங்கமும் ஏற்றுக்கொண்டது. சென்ற வாரம் முளைகளுக்கு மீண்டும் சிவப்பு வண்ணம் பூசப் போனபோது, புதிய ஒற்றையடித் தடம் ஒன்று அந்தச் சரிவை நோக்கி ஏறிச் செல்வதைப் பார்த்தேன். அதன் குறுக்கே நான்காவது கோட்டுக்கான முளையை அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.