அப்புச்சியின் தை மாசம்

2025 ஜனவரி 3, வெள்ளி

அப்புச்சி, என் அம்மாவின் அப்பா, போய்விட்டார். மார்கழிக் குளிரில், தோட்டத்துச் சாளை வீட்டில், தூக்கத்திலேயே. வயசு 84. பவானி கூடுதுறையில் அஸ்தி கரைத்துவிட்டு வந்த பிறகுதான் எழுத உட்கார முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "குடும்பத்துக்குன்னே பொறந்த மனுசனுங்க." சரிதான். ஆனால் அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசில்லை. அந்தக் குடும்பத்துக்கு அவர் என்னென்ன செய்தார் என்று நினைவு வருவதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 15, புதன்

துக்க வீடு, அதனால் பொங்கல் இல்லை. வேறு வருஷமாக இருந்தால் இந்நேரம் பட்டியில் சாணியால் வரப்புக் கட்டி, சின்னத் தெப்பக்குளம் அமைத்து, தண்ணீர் ஊற்றிப் பூப் போட்டிருப்பார். மாடுகளை அதன் வழியாக ஓட்டும்போது பேரப்பிள்ளைகள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுவோம்: "பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக!" யார் சத்தம் குறைந்தாலும் திரும்பிப் பார்ப்பார்.

ஜனவரி 19, ஞாயிறு

அம்மாயி, அப்புச்சியின் மனைவி, சாப்பிட மாட்டேன் என்கிறாள். எங்கள் சமையல் பிடிக்காமல் இல்லை. இடுப்பு எலும்பு முறிந்து படுத்த நாளிலிருந்து அவளுக்கு அப்புச்சி கைச் சோறுதான் பழக்கம். எழுபது வயசு தாண்டும் வரைக்கும் அடுப்படிப் பக்கமே போகாதவர், அவள் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல அரிசிம்பருப்புச் சோறு ஆக்கக் கற்றுக்கொண்டார். சின்ன வெங்காயம் உரித்தால் கண்ணில் தண்ணீர் வரும். தோள் துண்டில் துடைத்துக்கொண்டே உரிப்பார். மிளகு எப்போதும் ஒரு கை கூடுதலாகத்தான் விழும். "ஏனுங்க, இத்தன காரமா போடுவாங்க?" என்பாள் அம்மாயி. இன்னொரு கரண்டி நெய் ஊற்றிப் பிசைந்து வட்டிலை நீட்டுவார். பதில் பேச மாட்டார்.

சாப்பாடு ஆனதும் தேங்காயெண்ணெய் தேய்த்து அவளுக்குத் தலை சீவி விடுவார். சிக்கு எடுக்கும்போது வலிக்காமலிருக்க, மயிரின் அடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவுவார். சின்ன வயசில் அம்மா எனக்குச் சீவியபோதுகூட அவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

இன்றைக்கு நான் மிளகை வேண்டுமென்றே அள்ளிப் போட்டேன். நாலு வாய் சாப்பிட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

ஆலை ஆட்டுகிறார்கள். வெட்டின கரும்பு காத்திருக்காது, மாமாவுக்கு வேறு வழியில்லை.

இது ஒருகாலத்தில் மானாவாரிக் காடு. பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிந்தபோது அப்புச்சி மீசை முளைக்காத பையன். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த பிறகுதான் நெல்லும் கரும்பும் வந்தன. முறைத் தண்ணீர் நடுச்சாமத்தில் வந்தாலும் மடை திருப்ப ஆளை அனுப்ப மாட்டார். மம்மட்டியும் டார்ச்சுமாக அவரே போவார். பெரியம்மாக்கள், அம்மா, சித்தி என்று நாலு பெண்களின் கல்யாணமும் இந்தக் கரும்பில்தான் நடந்தது.

எத்தனை ஆள் இருந்தாலும் பதம் மட்டும் அவர்தான் பார்க்க வேண்டும். கொப்பரையில் பாகு பொங்கி, நுரை சிறுத்து, குமிழ் கனமாக வெடிக்க ஆரம்பிக்கும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்ப் போசியில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "எறக்கு" என்பார். மரத் தொட்டியில் கொட்டித் தேய்க்கத் தேய்க்க அது நாட்டுச் சர்க்கரையாக உதிரும். எங்களுக்குக் கரும்புத் துண்டைப் பாகில் முக்கி, அவரே ஊதி ஆற வைத்துக் கொடுப்பார்.

நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைக் கலக்கிறவர்கள் உண்டு. வெளுப்பாக இருந்தால் விலை கூடும். அவர் சுண்ணாம்புக்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. "என்ற பேரப்புள்ளைக திங்கறதுல மருந்து போடுவனா?" என்று ஒரு வியாபாரியிடம் சத்தம் போட்டதை நானே கேட்டிருக்கிறேன். எங்கள் சர்க்கரை கறுப்புத்தான். விலை குறைத்துத்தான் கேட்பார்கள். அந்த நஷ்டத்தைப் பற்றி வீட்டில் அவர் ஒருநாளும் பேசியதில்லை.

பிப்ரவரி 1, சனி

கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம். மாமா மூட்டைகளைக் கொண்டுபோனார். பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கோயிலிலிருந்து இங்கேதான் வந்து சர்க்கரை வாங்குவார்கள். யார் வீட்டில் பஞ்சாமிர்தம் கொடுத்தாலும் வழித்து நக்கிவிட்டு, "நம்மூருச் சர்க்கரைங்க" என்று சொல்லாமல் அப்புச்சி டப்பாவைத் திருப்பித் தர மாட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மூட்டை கட்டும் முன்பே நாலு பெண்களுக்கும் பங்கு எடுத்து வைத்துவிடுவார். துணிப்பையில் போட்டு, பஸ் ஏறி, கோபி, சத்தி, காங்கேயம், திருப்பூர் என்று வீடு வீடாகப் போவார். வந்ததும் உட்கார மாட்டார். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா, கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, மோட்டார் சுவிட்சில் ஷாக் அடிக்கிறதா என்று ஒரு சுற்று. சரி செய்ய முடிந்ததைச் செய்துவிட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுக் கிளம்புவார். "இன்னைக்காவது தங்கிட்டுப் போங்கப்பா" என்று அம்மா ஒவ்வொரு தையிலும் கெஞ்சுவாள். "மாடு கறக்கோணும் சாமி. அம்மா தனியா இருக்கறா." அவ்வளவுதான். வாசல் வரைக்கும் வந்து என் கையில் நோட்டைத் திணித்து, "அம்முணி, நல்லாப் படி" என்பார். வேலைக்குப் போன பிறகும் அதையேதான் சொன்னார்.

நேற்று மாமா அதே துணிப்பைகளோடு கிளம்பினார். கோபியில் பெரியம்மா பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாளாம். மாமாவைத் திரும்ப விடவில்லை. ராத்திரி அங்கேயே தங்கச் சொல்லிவிட்டாள். காலையில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து மாடு கறந்து கொடுத்தார். நாளைக்கு மாமா சத்தி போகிறார். திருப்பூருக்கு, எங்கள் வீட்டுக்கு, புதன்கிழமை வருவார். அம்மா இப்போதே பாய், தலையணையை வெயிலில் போட்டிருக்கிறாள்.