ஒரே நாளில் புலி

"ஒரே நாள்தான் சார் லீவு. புலி பாத்துடலாமா?"

புதுச்சேரியில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்க்கிறவனிடம் இப்படி ஒரு கேள்வி வரும் என்று நண்பர்கள் நம்புவதில்லை. கடலையும் மஞ்சள் சுவர்களையும் பார்க்க ஊருக்குள் வருகிறவர்களைத்தான் அவர்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து வெளியே கிளம்புகிறவர்களுக்கும் நாங்கள்தான் டிக்கெட் போடுகிறோம். திருப்பதி, காசி, அந்தமான் கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால் சில வருடங்களாகப் புலி கேட்டு வருகிறவர்களும் கூடிக்கொண்டே போகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாள்தான் இருக்கும்.

கேள்வி வந்ததும் நான் பார்ப்பது நாள்காட்டியை. எங்கள் ஊரின் சொல்தா குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்களுக்கு, பிள்ளைகளெல்லாம் பிரான்சில். அவர்கள் ஊருக்கு வருவது ஜூலை, ஆகஸ்டில், அங்கே பெரிய விடுமுறை விடும்போது. கன்ஹா, பாந்தவ்கர், தடோபா போன்ற நடு இந்தியக் காடுகளின் உட்பகுதியான கோர் பகுதியோ ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடிக் கிடக்கும். மழையில் காட்டுப் பாதை சேறாகிவிடும், விலங்குகளுக்கும் ஜிப்சி என்கிற திறந்த ஜீப்புகளின் இரைச்சல் இல்லாத மூன்று மாதம் கிடைக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பிரான்சிலிருந்து வருகிறவர்களோ எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். "மூடியிருக்கும்" என்று நான் சொன்னதும் முகம் சுருங்கிவிடும். அவர்களைப் பெங்களூரு, மைசூரு தாண்டிக் கபினிக்கோ முதுமலைக்கோதான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

இன்னொரு தலைவலி பெயர். காட்டுக்குள் போக வாங்கும் பெர்மிட்டில் இருக்கும் பெயரும் எண்ணும் கையில் இருக்கும் அசல் அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். நம்மவர்களுக்கு ஆதாரில் ஒரு பக்கம் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்றால் முன்னது பின்னது மாறியே இருக்கும். கட்டணத்திலும் சிக்கல் உண்டு. ராஜஸ்தானின் ரந்தம்போர் போன்ற இடங்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு உள்ளதுதான். அட்டை எடுக்காமல் விசாவில் வந்தவர் ஒருவர் மேசையைத் தட்டிக் கேட்டார்: "நெல்லித்தோப்புல பொறந்தவன்யா நானு. எனக்கு எதுக்கு வெள்ளக்காரன் ரேட்டு?" என்னிடம் பதில் இல்லை. காபி வாங்கிக் கொடுத்தேன்.

முதுமலை நமக்கு ஓரளவு கிட்டத்தில் என்பதால் பலர் அதையே கேட்பார்கள். 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 306 புலிகள். இந்த எண்ணைச் சொல்லிவிட்டால் போதும், "அப்ப கண்டிப்பா தெரியும்ல?" என்பார்கள். புலி இருப்பது வேறு, கண்ணில் படுவது வேறு. முதுமலையில் பாதையோரம் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்குப் புதராக மண்டியிருக்கும். பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் வண்டியில் போகிறவருக்குத் தெரியாது. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில் போய் வந்தால் யானை, காட்டுமாடு, புள்ளிமான், மயில் பார்க்கலாம். புலி தெரிந்தால் அது அன்றைக்கு அவர்கள் யோகம். ரந்தம்போரில் வறண்ட காடு, ஏரிக்கரைகள் வெட்டவெளி. கன்ஹாவில் சால் மரக் காட்டுக்கு நடுவே பெரிய புல்வெளிகள். அங்கெல்லாம் கண்ணுக்கு இடம் கிடைக்கிறது. ஆகவே "எங்க சார் புலி ஜாஸ்தி?" என்று கேட்பவரிடம், எங்கே புதர் குறைவு, எங்கே கோடையில் தண்ணீர் வற்றிச் சில குட்டைகள் மட்டும் மிஞ்சும் என்றுதான் நான் பதில் சொல்ல ஆரம்பிப்பேன். பாதிப் பேர் அதற்குள் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு நாள் என்றால் காட்டுக்குள் இரண்டு சுற்று: விடியலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. நடுவெயிலில் வெளியே வந்துவிட வேண்டும். புலியும் அந்நேரம் நிழலிலோ தண்ணீரிலோ கிடக்கும்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு நானே தடோபாவுக்குப் போனேன். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், அவர் மனைவி, மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். ஜிப்சியில் ஆறு பேர் உட்காரலாம். ஆறாவது ஆளாக நான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதம்தான் என்பதால் கத்திரி வெயிலிலேயே கிளம்பினோம். சென்னையில் ரயிலேறினால் சந்திராபூரில் இறங்கலாம், அங்கிருந்து தடோபாவின் மொஹர்லி வாயில் பக்கம்தான். கடலூர்க்காரர்களுக்கு வெயில் புதிதா என்று நினைப்பீர்கள். தடோபா இருக்கும் மகாராஷ்டிரத்தின் விதர்பா வெயில் வேறு மாதிரி. நம் ஊரில் வேர்த்துக் கொட்டும், அதனால் தண்ணீர் குடிப்போம். அங்கே வேர்வை தெரியாமலே காய்ந்துவிடும், உடம்பு வற்றுவது மண்டை கிறுகிறுக்கும்போதுதான் தெரியும். மே மாதத்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு நான் தருகிற காகிதத்தில் முதல் வரி ஈரத்துண்டு, உப்புக் கரைசல். இரண்டாவது வரி செவ்வாய்க்கிழமை: அன்று தடோபாவுக்கு விடுமுறை.

எங்களுக்கு அமைந்த வழிகாட்டி பக்கத்துக் கிராமத்துப் பெண். தடோபாவில் பெண் வழிகாட்டிகள் இருக்கிறார்கள் என்று முன்பே சொல்லியிருந்தும், அந்த அம்மாள் ஜிப்சியில் ஏறி முன்னால் உட்கார்ந்தபோது பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவர் இந்தியில் சொல்ல, நான் அடங்கிய குரலில் தமிழில் சொன்னபடி வந்தேன்.

உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே வண்டியை நிறுத்தச் சொன்னார். புழுதியில் புலியின் கால்தடம். தடம் இருப்பதைக் காட்டிலும் அது எதன்மேல் இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்றார். நேற்று மாலை கடைசியாகப் போன வண்டியின் டயர் தடத்தின்மேல் பதிந்திருந்தால், அதற்குப் பிறகு நடந்தது. நாங்கள் பார்த்த தடம் எங்களுக்குச் சற்று முன்னே போன ஜிப்சியின் டயர் தடத்தையே மிதித்திருந்தது. புலிகளுக்குக் காட்டுப் பாதையில் நடப்பது பிடிக்கும், மெத்தென்ற புழுதி, முள் கிடையாது. நாங்கள் பேச்சை நிறுத்தும் முன்பே வளைவுக்கு அப்பால் அது வந்துவிட்டது. பெரிய ஆண் புலி. எங்களைப் பார்த்தபடி நடந்து வந்தது, ஒரு மரத்தில் பின்பக்கம் காட்டிச் சிறுநீரைப் பீய்ச்சியது, மூங்கிலுக்குள் இறங்கிப் போய்விட்டது. மொத்தமே இரண்டு நிமிடம் இருக்கும்.

"அவ்ளோதானா?" என்றாள் பேத்தி.

பேரனுக்கு வேறு கவலை. தடோபாவில் கைபேசியை உள்ளே எடுத்துப் போகக் கூடாது. "போட்டோ இல்லாம ஸ்கூல்ல எவன் நம்புவான்?" அவன் கேட்டது நியாயம்தான். அதற்குப் பிறகு காலைச் சுற்றில் பாக்கியிருந்த நேரம் முழுக்க வண்டியில் ஒரு சலிப்பு. செந்நாய்க் கூட்டம் ஒன்று பாதையைக் கடந்தது. புலியைவிட அவற்றைப் பார்ப்பது கடினம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மகளுக்குப் பசி. காலை எட்டு மணிக்கே நாள் முடிந்துபோனது போல உட்கார்ந்திருந்தார்கள். புலி சீக்கிரம் தெரிந்துவிட்டால் வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி என்று இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம்.

பிற்பகலில் மகளும் பிள்ளைகளும் விடுதியின் நீச்சல் குளத்தை விட்டு வரமாட்டோம் என்றார்கள். ஐயாவும் அம்மாவும் நானும் மட்டும் போனோம். காலையில் வந்த அதே வழிகாட்டி. இந்தச் சுற்றில் புலியே தெரியவில்லை, ஆனால் எனக்கு நினைவில் நிற்பது இதுதான்.

ஒரு குட்டைக்கரையில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். வழிகாட்டி குட்டையைப் பார்க்கவே இல்லை, மான்களின் தலையைப் பார்த்தார். எல்லாத் தலையும் ஒரே திசையில் திரும்பினால் அங்கே ஏதோ இருக்கிறது. புள்ளிமான் சிறுத்தைக்கும் கத்தும், செந்நாய்க்கும் கத்தும், சில சமயம் ஒன்றுமில்லாததற்கும் கத்தும். மரத்து உச்சியிலிருந்து மந்தி குரல் கொடுத்தால் அது கண்ணால் பார்த்துச் சொல்கிறது என்று அர்த்தம். கடமான் விடாமல் கத்தினால் வண்டியை நகர்த்தாதே என்பார் அவர். வங்கியில் காலமெல்லாம் கணக்கு பார்த்த ஐயாவுக்கு இந்தச் சாட்சிகளைத் தரம் பிரிக்கும் விதம் பிடித்துப்போனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் "இது எது? இத நம்பலாமா?" என்று என் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

வழியில் பாதையோரம் வரிசையாக நிற்கும் பழைய கல்தூண்களைக் காட்டினார் வழிகாட்டி. கோண்டு பழங்குடி அரசர்கள் காலத்தவை, கயிறு கட்டிச் சேதி அனுப்ப வைத்தவை என்பது அந்த ஊர்ப் பேச்சு. தடோபா ஏரிக்கரையில் பெரிய மரத்தடியில் இருக்கும் தாரு சாமியின் கதையையும் சொன்னார். தாரு ஒரு கிராமத் தலைவர், புலியோடு மோதி இறந்தவர், பிறகு சாமியானார், காட்டுக்கும் அவர் பெயர்தான். இதைக் கேட்டதும் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க ஊர் கத ஒண்ணு இருக்கு, அந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்க தம்பி" என்று புலிக்கால் முனிவர் கதையை எடுத்தார். வண்டு மொய்க்கும் முன்னே சிவனுக்குப் பூப் பறிக்க வேண்டும், இருட்டில் மரம் ஏறினால் பனியில் வழுக்குகிறது, ஆகவே புலியின் காலும் கண்ணும் வேண்டும் என்று கேட்டு வாங்கிய முனிவர். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலிலும் வழிபட்டவர். என் அரைகுறை இந்தியில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அந்த அம்மாள் கேட்டுவிட்டுச் சிரித்தார்: "எங்க ஊர்ல புலி அடிச்சுச் சாமி ஆனாரு. உங்க ஊர்ல மனுஷனே புலிக் கால் கேட்டு வாங்கினாரா!"

திரும்பும் நேரத்தில் கடமான் கத்தத் தொடங்கியது. விடாமல் கத்தியது. ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். குறித்த நேரத்துக்குள் வாயிலைத் தாண்டாவிட்டால் அபராதம், வண்டியையே சில நாள் நிறுத்திவிடுவதும் உண்டு. "இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்தா வந்திருக்கும்ல?" என்று அம்மா வாயில்வரை கேட்டுக்கொண்டே வந்தார். வந்திருக்கலாம்.

எல்லாப் பயணமும் இப்படி அமைவதில்லை. வேறொரு காட்டில், வேறொரு குழுவோடு போனபோது, பெண் புலி ஒன்று குட்டிகளோடு பாதையைக் கடக்க நின்றது. முன்னால் ஜிப்சிகள், பின்னாலும் ஜிப்சிகள். அது புதருக்குள் திரும்பி, இன்னும் கொஞ்சம் தள்ளி வெளியே தலை காட்டும். வண்டிகளும் பின்னோக்கி ஓடிவந்து அங்கே நிற்கும். பக்கத்து வண்டியில் ஒருவர் ஓட்டுநரிடம் இந்தியில் சொன்னது எனக்குக் கேட்டது: இன்னும் கிட்டே போனால் தனியாகக் கவனிக்கிறேன். ஓட்டுநர் போனார். புலிச் சுற்றுலா மேல் வழக்கு நடந்து, 2012இல் உச்ச நீதிமன்றம் சில மாதங்கள் கோர் பகுதிகளில் சுற்றுலாவையே நிறுத்தி வைத்திருந்தது. அதை ஒட்டி வந்த விதிகளில் விலங்கிலிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அந்தப் பாதையில் அன்றைக்கு 20 மீட்டர் எங்கே இருந்தது?

ஓட்டுநரைத் திட்டுவது சுலபம். சீசன் ஒன்பது மாதம்தான், வண்டிக் கடன் பன்னிரண்டு மாதமும் உண்டு. நான் யோசித்தது வேறு. அந்தப் பக்கத்து வண்டிக்காரருக்கு ஏதோ ஓர் ஊரில், என்னைப் போல ஒருவன், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து "கண்டிப்பா பாக்கலாம் சார்" என்று சொல்லியிருப்பான். ரயில், விடுதி, பெர்மிட் எல்லாம் சேர்த்து வாங்கிய தொகையில் புலியையும் சேர்த்தே விற்றிருப்பான். விற்ற சரக்கைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு ஓட்டுநர் தலையில் போய் விழுகிறது. நெரிசல் காட்டில் தொடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

அதனால் எங்கள் அலுவலகத்தில் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் தர வேண்டிய அன்பளிப்பை முன்பே ஒரு தொகையாக முடிவு செய்து பயணச் செலவிலேயே சேர்த்துவிடுகிறோம். புலி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதேதான். காலையில் வண்டி கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிடுவோம், மாலையில் கொடுத்துவிடுவோம். எங்கள் முதலாளிக்கு முதலில் இதில் விருப்பமில்லை, மொத்த விலை கூடிப்போய் ஆள் வராமல் போவார்கள் என்றார். சிலர் வராமல்தான் போகிறார்கள். இரண்டு தெரு தள்ளிப் புலிக்கு உத்தரவாதம் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே போகிறார்கள்.

போன வாரம் லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். செலவுக் கணக்கை வரி வரியாகப் படித்துவிட்டு, அன்பளிப்பு வரியில் விரலை வைத்தார். "புலி வரலன்னாலும் இதே காசா?"

"ஆமா சார்."

"வந்தா?"

"அப்பவும் இதேதான்."

மனைவி சிரித்தார், அவர் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். இனி கோர் பகுதி திறப்பது அக்டோபரில். வேண்டுமென்றால் இந்த மாதத்துக்குள் அவர் சொல்லியாக வேண்டும், முதல் வாரத்துப் பெர்மிட் நிற்காது.