தேக்காவில் கடைக்குப் போகாத ஒரு காலை

சிங்கப்பூருக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் நாம் கூட்டிப்போகும் வரிசை ஒன்றுதான்: மரினா பே, செந்தோசா, கடைசி நாள் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா. தேக்கா என்றால் முஸ்தபா பேரங்காடியில் சாமான், அப்புறம் வாழையிலைச் சாப்பாடு, அதோடு சரி. எனக்கு இதில் நெடுநாளாக வருத்தம் உண்டு. நம்மவர்களின் கதையும் கைவேலையும் இவ்வளவு நெருக்கமாக இந்தத் தீவில் வேறெங்கும் கிடைக்காது. எல்லாமே நடக்கிற தூரம், அரை நாள் போதும்.

பட்டுக்கோட்டையிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். ஆயுசு முழுக்கத் தச்சு வேலை பார்த்தவர். அவரை அழைத்துக்கொண்டு வார நாள் காலையில் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவின் உற்சாகமே தனி, ஆனால் சுவரோவியம் பார்க்க வார நாள்தான் நல்லது. அதுவும் காலையிலேயே போய்விட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் சரக்கு லாரிகள் சுவரை மறைத்து நின்றுவிடும்.

முதலில் கெர்பாவ் ரோட்டில் தான் டெங் நியாவின் வீடு. மிட்டாய் வியாபாரத்தில் வளர்ந்த சீன வணிகர் அவர். 1900இல் எழுந்த இந்த வீடுதான் லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை. மாட்டு வியாபாரமும் ஆலைகளும் நிறைந்திருந்த காலத்து வட்டாரம் இது. இன்று ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள். படமெடுக்க எப்போதும் கூட்டம். சித்தப்பா வண்ணத்தைக் கண்டுகொள்ளவில்லை. ஜன்னல் கதவுகளின் மரச் சட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெலிலியோஸ் லேனில் சைக்கி என்ற உள்ளூர் ஓவியரின் பெரிய சுவரோவியம் இருக்கிறது. கிளி ஜோசியர், பூமாலை கட்டுபவர், சலவைத் தொழிலாளி என்று இந்த வட்டாரத்தின் பழைய தொழில்கள். லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர் பயணத்துறைக் கழகமும் 2015இல் தொடங்கிய கலைநடைத் திட்டத்தால் இந்தத் தெருக்களுக்கு இப்படிப் பல ஓவியங்கள் கிடைத்தன. பார்த்தவுடன் நகர்ந்துவிடாதீர்கள். சாலையைக் கடந்து கேம்பல் லேன் பக்கம் வந்தால், அதே வேலையை உயிரோடு பார்க்கலாம். பூக்கடை அக்கா இரண்டு மல்லிகை மொட்டை இப்படி, இரண்டை அப்படி வைத்து, நூலை விரலில் சுற்றி ஒரே இழுப்பில் முடிச்சுப் போடுகிறார். கண் வாடிக்கையாளர் மேல் இருக்கிறது, கை தானாக ஓடுகிறது. என்னைக் கேட்டால், சுவரில் இருப்பதையும் தெருவில் நடப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேக்கா முழுமையாகும்.

வழியில் சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டோம். 1881இல் தோன்றிய கோயில். ஜப்பானியர் குண்டு வீசிய நாட்களில் அக்கம்பக்கத்து மக்கள் தஞ்சம் புகுந்தது இங்கேதான். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோயிலை முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது இந்திய மரபுடைமை நிலையத்தில். 2015 மே மாதம் திறந்தார்கள். வட இந்தியப் படிக்கிணறுகளை மனத்தில் வைத்து வடித்த நான்கு மாடிக் கட்டடம். உள்ளே 19ஆம் நூற்றாண்டுச் செட்டிநாட்டு நிலைவாசல் ஒன்று நிற்கிறது. அதில் சுமார் 5,000 நுண்ணிய செதுக்கல்கள். சித்தப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கீழ்ப்பகுதியிலிருந்து மேலே வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஓர் உருவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் விரல் நுனி நுழைகிற இடம்கூட இல்லை.

“தம்பி, இதுல ஒரு தடவ உளி வழுக்கினா அந்த இடத்த ஒட்டவே முடியாது. மரம் நல்லாக் காஞ்சு பதமாகணும், அப்புறம்தான் கை வைக்கணும். செஞ்சவன் அவசரப்படல” என்றார்.

“பேர் தெரிஞ்சா நல்லா இருக்கும், சித்தப்பா.”

“எங்க வேலையில பேரு யாருடா போட்டா? நிலைதான் பேரு.”

செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் செய்ததும், தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் நம் ஆட்கள் வந்ததும் மற்ற கூடங்களில் விரிகின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க முயல வேண்டாம். நிலைவாசலுக்கு மட்டும் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

பிறகு டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். 1907இல் கட்டத் தொடங்கிய இதன் நுழைவாயில் உச்சியில் சூரியக் கதிர்கள் விரிந்தாற்போல் ஓர் அலங்காரம். மொத்தம் 25 கதிர்கள், 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில். எதிர்ப்பக்கக் கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

மரபுடைமை நிலையத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடம் இலவசம், ஊரிலிருந்து வருபவர்களுக்கு டிக்கெட் உண்டு. முஸ்தபா இரவிலும் திறந்திருக்கும். சாமான் வாங்குவதை ராத்திரிக்குத் தள்ளிவிட்டு, காலையை இந்தத் தெருக்களுக்குக் கொடுங்கள்.