கும்பகோணத்து வெயிலுக்குக் கம்பளி நூல்

வெளிநாடு போய் வருகிறவர்கள் சாக்லேட், சென்ட், ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் என்று வாங்கி வருவார்கள். நான் நூல் வாங்கி வருகிறேன். பின்னத் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல நினைவுப்பொருள் கிடையாது என்பது என் கட்சி. காந்தத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டினால் அதோடு மறந்து போகும். நூல் அப்படி இல்லை, ஊருக்கு வந்த பிறகுதான் அதன் வேலையே ஆரம்பிக்கிறது. மாதக்கணக்கில் தினமும் சாயங்காலம் கையில் புரண்டுகொண்டிருக்கும், அந்த ஊர்க் கடை, அங்கே அடித்த காற்று எல்லாம் ஒவ்வொரு வரிசையிலும் ஞாபகத்துக்கு வரும்.

"கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு கம்பளியை என்ன பண்ணுவே?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்கிறார். நியாயமான கேள்வி. சித்திரை வைகாசியில் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது, விரல் வியர்த்து நூல் ஊசியில் நகராது. ஆனால் மார்கழி என்று ஒரு மாதம் இருக்கிறதே, விடிகாலையில் கோலம் போடப் போகும்போது தலையில் பனி இறங்கும், இந்தத் தெருவில் பாதிப் பேர் அப்போது மஃப்ளரும் மங்கி கேப்புமாகத்தான் நடமாடுவார்கள். அதற்குப் போக மிச்சம் நான் பின்னுவதெல்லாம் நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் பேரனுக்கு. அங்கே வாங்கின நூலை இங்கே திண்ணையில் வைத்துப் பின்னித் திரும்ப அங்கேயே அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், எங்க வீட்டுக்காரர் இதைச் சொல்லாத நாள் இல்லை. சொல்லட்டும்.

நம் ஊரிலேயே உல்லன் நூல் கிடைக்குமே என்பீர்கள். ஃபேன்சி ஸ்டோரில் வாசல் தோரணத்துக்கும் மாலைக்கும் வாங்குகிறோமே, அது அநேகமாக அக்ரிலிக். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டு நறுக்கிக் கொளுத்திப் பாருங்கள். அக்ரிலிக் உருகிக் கறுப்பாகக் கெட்டி மணியாக நிற்கும். ஆட்டு ரோமம் தலைமுடி கருகுகிற நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். பட்டுக்கும் இதே சோதனைதான், இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தோரணத்துக்கு அக்ரிலிக் நன்றாகவே இருக்கும், குறை சொல்லவில்லை. குளிர் ஊர்க் குழந்தைக்கு ஸ்வெட்டர் போட அது போதாது.

ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று இங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் சமயத்தில் நியூசிலாந்தில் குளிர்காலம் தொடங்கியிருக்கும். மகள் வீட்டுக்கு அந்த நேரத்தில் போனால் நூல் கடைகளில் நல்ல சரக்கு இருக்கும், கூட்டமும் இருக்கும். டூரிஸ்ட்டுகள் போகிற கடைத்தெருவில் தேடாதீர்கள், அங்கே ஆடு பொம்மையும் தொப்பியும்தான் இருக்கும், நூல் இருந்தாலும் எங்கிருந்து வந்ததோ. உள்ளூர்ப் பெண்கள் வாங்குகிற நூல் கடை தனியாக எங்கேயாவது ஒரு சந்தில் இருக்கும்.

கடைக்குள் போனதும் நான் கேட்பது: ரோமம் எந்த ஊர், நூற்றது எந்த ஊர்? திருபுவனத்தில் புடவை எடுக்கப் போனால் தறி எங்கே என்று விசாரிக்காமலா எடுக்கிறோம், அதே விசாரணைதான். லேபிளில் '100 சதவீதம் மெரினோ' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம், மெரினோ என்பது ஆட்டின் ஜாதி, ஆஸ்திரேலியாவிலும் உண்டு, இன்னும் பல நாடுகளிலும் உண்டு. நியூசிலாந்தில் 1982-ல் 7 கோடி ஆடுகள் இருந்தன, இப்போது அதில் பாதி கூட இல்லை. இருக்கிற ஆடுகளின் ரோமத்திலும் பெரும்பகுதி முரட்டு ரகம், கார்ப்பெட்டுக்குப் போவது. மெல்லிய மெரினோ தெற்குத் தீவின் மலைப்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருகிற கொஞ்சம்தான். வெட்டின ரோமத்தை அப்படியே சீனாவுக்கு ஏற்றுமதி செய்வதும் நிறைய. அதனால் அங்கேயே மேய்ந்து அங்கேயே நூற்ற நூல் என்று கடைக்காரம்மா உறுதியாகச் சொன்னால் விலை கூடுதலானாலும் நான் எடுத்துவிடுவேன். பதில் சொல்லத் தடுமாறினால் நைசாக வெளியே வந்துவிடலாம்.

அந்த ஊர் விசேஷம் இன்னொன்று, போஸம் கலந்த நூல். போஸம் என்பது 1837-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து தோல் வியாபாரத்துக்காகக் கொண்டு வந்து விட்ட பிராணி. பல்கிப் பெருகி, ராத்திரியில் மரம் மரமாக இலையை மேய்ந்து, பறவை முட்டையையும் குஞ்சையும் தின்று காட்டை அழிக்கிறது. அதனால் பிடித்துக் கொல்கிறார்கள், ரோமத்தை மெரினோவோடு சேர்த்து நூற்கிறார்கள். அந்த ரோமம் குட்டையாக வழுக்கலாக இருப்பதால் தனியாக நூற்க வராது. தொட்டால் விட மனசு வராது, அவ்வளவு மிருது, எடையே தெரியாத சூடு. கொன்ற பிராணியின் முடி வேண்டாம் என்று என் தங்கை ஒதுங்கிவிட்டாள். அவள் விருப்பம். ஆனால் கூட்டோடு புழுவை வெந்நீரில் போட்டு எடுத்த பட்டை முகூர்த்தத்துக்குக் கட்டிக்கொள்கிற நாம் இதில் ரொம்பப் பேச முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எவ்வளவு வாங்குவது? என்ன பின்னப் போகிறோம் என்று தீர்மானிக்காமல் அழகாக இருக்கிறதே என்று ஒரே ஒரு கண்டு வாங்கினால் அது பீரோவில்தான் கிடக்கும். காலுறைக்குப் பின்னுகிற மெல்லிய ரகத்தில் 100 கிராம் சுமார் 400 மீட்டர் வரும், ஒரு சின்ன சால்வைக்கு அது தாராளம். இரண்டு வயதுக் குழந்தை ஸ்வெட்டர் என்றால் கொஞ்சம் தடித்த நூலில் 200 கிராமுக்குக் குறையாமல் வேண்டும், அதற்கு மேல் ஒரு கண்டு கூடவே வாங்குங்கள். ஒரே தடவையில் சாயம் தோய்த்ததைக் காட்டுகிற லாட் நம்பர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள், கையில் நூல் தீர்ந்தால் கடல் தாண்டிப் போய் அதே நிறத்தைத் தேட முடியாது. சிட்டமாக, அதாவது உருண்டையாகச் சுற்றாத பெரிய வளையமாக, வாங்கினால் அப்படியே பின்ன ஆரம்பிக்கக் கூடாது, சிக்காகிவிடும். வீட்டுக்காரரின் இரண்டு கையிலும் மாட்டி உட்கார வைத்து உருண்டையாகச் சுற்ற வேண்டும். கொல்லன் தெரு என்று சொன்னவருக்கு இதுதான் தண்டனை.

பெட்டியில் எடை பெரிதாக ஏறாது, இடம்தான் அடைக்கும். ஜிப் பையில் போட்டு மேலே உட்கார்ந்து காற்றை வெளியேற்றினால் பாதியாகிவிடும். ஊருக்கு வந்த பிறகு பெரிய தலைவலி பூச்சி. ஐப்பசி கார்த்திகை மழையில் டெல்டாவில் பீரோவே நமுத்துக் கிடக்கும், அந்துப்பூச்சிப் புழுவுக்கு ஆட்டு ரோமம் என்றால் விருந்து. பாச்சை உருண்டை போட்டால் அந்த நெடி குழந்தை ஸ்வெட்டரை விட்டுப் போகாது. நான் நிழலில் காய வைத்த வேப்பிலையைத் துணியில் முடிந்து, நூலோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன், அவ்வப்போது எடுத்து உதறி வெளிச்சத்தில் வைக்கிறேன். இருட்டில் அசையாமல் கிடக்கிற துணிதான் அந்துப்பூச்சிக்குப் பிடிக்கும்.

அப்புறம், மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய மெரினோவும் உண்டு, வழவழவென்று இருக்கும். எனக்கு லேசாக ஆட்டு வாசனை அடிக்கிற, பதப்படுத்தாத நூல்தான் பிடிக்கும், வெந்நீரில் மெஷினில் போட்டால் சுருங்கிக் கெட்டித்துப் போகிற ரகம். அதனால் யாராவது கிறைஸ்ட்சர்ச் போகும்போது ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பினால், 'கையால், பச்சைத் தண்ணீரில்' என்று ஒரு சீட்டு எழுதிப் பின் குத்தி வைக்கிறேன். அங்கே துணி துவைப்பது மாப்பிள்ளை பொறுப்பு. மகளிடம் வீடியோ காலில் வாரா வாரம் ஞாபகப்படுத்தியும் வருகிறேன்.