தம்பிக்கு இரண்டு விதமான வயதுக் கணக்கு

21 ஜூலை, செந்தூல், கோலாலம்பூர்

நேற்றோடு என் மகனுக்கு, எங்கள் தம்பிக்கு, 6 மாதம். கோயிலில் ஆடிக் கூழ் குடிக்கப் போன இடத்தில், "இன்னும் குப்புற விழலையா?" என்று நாலு பேராவது கேட்டிருப்பார்கள். ஒரு அக்காவின் பிள்ளை 5 மாதத்திலேயே உருண்டு போகிறதாம். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

23 ஜூலை

கிளினிக்கில் 6 மாத ஊசி. மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்டேவிட்டேன். அவர் தம்பியின் கிளினிக் புத்தகத்தைப் புரட்டி, தம்பி 32 வாரத்தில் பிறந்ததைக் காட்டினார். நிறைமாதமான 40 வாரத்துக்கு 8 வாரம் குறைவு. அதைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும், 2 வயது வரை அப்படித்தானாம். அப்படியென்றால் இவனுக்கு இப்போது 4 மாதம்! கழுத்து நிற்கிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறான், கையை வாயில் வைக்கிறான். 4 மாதப் பிள்ளை செய்வதை எல்லாம் செய்கிறான். ஊசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. குறைமாதம் என்று தள்ளிப்போடக் கூடாது.

"சத்தத்துக்குத் திரும்பலைன்னா, ஒரு கையை மட்டுமே நீட்டினா, செஞ்சுக்கிட்டிருந்ததை விட்டுட்டா, காத்திருக்காம கூட்டிட்டு வாங்க" என்றார் மிஸ்ஸி.

வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்றே இதை யாராவது சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் வீணாகப் பயந்திருக்கிறேன்.

2 ஆகஸ்ட்

தினமும் பாயில் குப்புறப் போடுகிறேன். விழித்திருக்கும்போது மட்டும், தூங்குவது எப்போதும் மல்லாக்கத்தான். முதல் நாள் அரை நிமிடத்தில் கத்திவிட்டான். கைத்துண்டை உருட்டி நெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, நானும் எதிரே தரையோடு தரையாகப் படுத்தேன். என் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினான்! இரவில் என் கணவர் அவனைத் தன் நெஞ்சின் மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அன்றைய ஜாலான் ஈப்போ சாலை நெரிசலை எல்லாம் சொல்கிறார். தம்பி "ஆ" என்றால் இவர் நிறுத்திக் கேட்கிறார், அப்புறம்தான் பதில். இன்று 3 நிமிடம் தாங்கினான்.

16 ஆகஸ்ட்

அத்தை வாக்கர் வாங்கி வந்துவிட்டார். ஆசையாக வாங்கியது, சொல்லவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்: அதில் உட்கார்ந்து கால்விரலால் உந்திப் பழகினால் நடை சீக்கிரம் வராது, படியில் கவிழ்ந்து மண்டையில் அடிபட்ட பிள்ளைகள் நிறைய, கனடாவில் 2004லேயே தடை செய்துவிட்டார்கள். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க காலத்துல மர நடைவண்டிதான். பிள்ளை தானா எழுந்து நின்னாதான் அதைத் தள்ள முடியும்" என்றார். அது சரி. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

31 ஆகஸ்ட்

மெர்டேக்கா (சுதந்திர தின) விடுமுறை. டிவியில் அணிவகுப்பு. அத்தை இடது பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதைப் பிடிக்க எட்டியவன் அப்படியே குப்புற விழுந்தான்! ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிடப் போன என்னை அத்தை பிடித்து நிறுத்தினார். முனகி முனகி அவனே இழுத்து எடுத்தான்.

மணி 10.20. புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவைத்தேன்: 7 மாதம் 11 நாள், கழித்தால் ஐந்தரை. அத்தை கொழுக்கட்டைக்கு மாவு பிசையப் போய்விட்டார்.